தாய் வீட்டுப் பதியன்

(எங்கள் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில், தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டு முழுவதும் உங்களிடம் கட்டிலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எக்ஸ்ரே அறையின் கூரையைப் பற்றியுமே பேசி வருகிறோம். நீங்களும் பொறுமையோடு கேட்டு வருகிறீர்கள். இன்று ஒரு நாளாவது பூவைப் பற்றிப் பேச விடுங்கள் என்று எங்கள் மேலாளரிடம் கேட்டோம். பதினைந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

குளிர் நாடுகளிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு வசந்தம் என்றால் பனி உருகி, மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகள் விழித்துப் பூக்கிற காலம். சின்ன காஞ்சிபுரத்தில் அது பங்குனி வெயிலோடுதான் வரும். வேம்பு பூத்துக் கொட்டும், புங்க மரத்தடியில் பொரி இறைத்ததுபோல் கிடக்கும், சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மல்லிகை. நவம்பர் கடைசி வாரத்தில் தயவு பார்க்காமல் கவாத்து செய்த செடி, மார்ச் பிறந்ததும் புதுத் தளிர் விட்டு மொக்கு வைக்கும். ஜூன் வரை ஓயாது. விடியற்காலையில் மொக்காகப் பறித்தால் சாயங்காலம் தலையில் மலரும். வைகாசிக் கருட சேவைக்கு ஊர் நிரம்பும்போது முழம் என்ன விலை விற்கும் என்பதை இங்கே இருக்கும் தாய்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெசவாளர் வீட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டின் முன்னால் தோட்டம் வைக்க இடம் கிடையாது. முன்பக்கத்துத் தெரு, விடியற்காலையில் பாவு இழுத்துக் கட்டுவதற்கு வேண்டும். நல்ல வெளிச்சம் விழும் அறை தறிக்குப் போய்விடும். செடிக்கு மிச்சமாவது கொல்லைப்புறம்தான். கிணற்றடி, துவைக்கும் கல், அந்தக் கல்லிலிருந்து வழியும் தண்ணீர் போகும் வாய்க்கால், அதன் ஓரத்தில் ஒரு மல்லிகை, நாலு கனகாம்பரம், ஒரு வாழை. பெரிய வீடாக இருந்தால் ஒரு பவழமல்லியும் மனோரஞ்சிதமும் இருக்கும். மனோரஞ்சிதப் பூ பச்சையாக இருக்கும்வரை இலையோடு இலையாக ஒளிந்திருந்து, பழுத்து மஞ்சளாகும்போது வாசனையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழத்தின் மணம் வரும் என்பார்கள். எங்களுக்கு எப்போதும் பலாப்பழ மணம்தான் வருகிறது.

இந்த ஊரில் பூக்கள் தறியிலும் உண்டு. புடவை உடலில் சிறு பொட்டாக வருவது மல்லி மொக்கு. கரையில் கூர் கூராக நிற்பது தாழம்பூ ரேக்கு. பழைய நாளில் அந்த உருவங்களை நூலிலே கட்டிவைத்த 'அடை' அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. பிறகு ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டையும் வந்தன. பவழமல்லியின் செம்மஞ்சள் காம்புக்கும் பட்டோடு பழைய உறவு உண்டு. இரசாயனச் சாயம் வருமுன் பட்டுக்குக் காவி நிறம் ஏற்ற அதை வேகவைத்த காலம் நம் நாட்டில் இருந்தது. அம்மாவின் கல்யாணப் புடவையை மகள் பத்திரப்படுத்துவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு, சீர்வரிசைக் கணக்கில் வராத இன்னொன்றும் பல வீடுகளில் போயிற்று. கொல்லையில் வேர் பிடித்த ஒரு மல்லிகைப் பதியன். பழைய தகர டப்பாவில், ஈரச் சாக்கு சுற்றி, மாட்டு வண்டியிலோ பஸ்ஸிலோ மடியில் வைத்துக்கொண்டு போன செடி. அதைத்தான் இன்று பேச வந்தோம்.

அதை ஏன் அப்படிச் சுமந்து போனார்கள்? விதை எடுத்துப் போயிருக்கலாமே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. குண்டுமல்லி காய்த்து விதை பிடிப்பது மிக அரிது. கிளையை வெட்டி நட்டாலோ, மண்ணில் பதியன் போட்டாலோதான் அடுத்த செடி. அப்படியானால் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு மல்லிகை உங்கள் பாட்டி வீட்டு மல்லிகையின் பிள்ளை அல்ல, அதே செடி. பாட்டிக்கு அது யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் வீட்டிலும் அதே செடி. வேர் மாறிற்று, மண் மாறிற்று, செடி மாறவில்லை. எத்தனை நூற்றாண்டுகளாக எத்தனை கைகள் மாறி வந்திருந்தாலும், இடையில் ஒரு கைகூடத் தவறவில்லை என்பதற்கு அத்தாட்சி, இன்று காலை நீங்கள் பறித்த மொக்கு.

கடல் தாண்டியும் அப்படித்தான் போயிற்று. பிலிப்பைன்ஸ் நாடு 1934-ல் தன் தேசிய மலராக அறிவித்த சம்பகீத்தா நம் மல்லிகைதான். இந்தோனேசியா 1990-ல் தேசிய மலராக ஏற்ற மெலாத்தியும் அதுவே. விதையைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாத செடி இது. கப்பலில் நல்ல தண்ணீர் அருமையாக இருந்த நாட்களில், யாரோ தன் குடிதண்ணீரில் கொஞ்சம் ஊற்றித்தான் அது கரை சேர்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பகுதியின் மணல் நிலத்தில் வேர் பிடிக்கவைத்த மல்லி நாற்றுகள் கட்டுக்கட்டாக மற்ற மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகின்றன. மதுரை மல்லி என்று 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற புகழ்பெற்ற பூவும், தோட்டக்காரர் கையில் முதலில் ஒரு வேர் பிடித்த குச்சிதான்.

கொடுக்க மனமில்லாத ஒருவரின் கதையும் உண்டு. இத்தாலியில் தஸ்கனி நாட்டை 1670 முதல் 1723 வரை ஆண்ட மூன்றாம் கோசிமோ என்ற பிரபு, கோவாவிலிருந்து ஓர் அடுக்கு மல்லியை வரவழைத்து, பிளாரன்ஸ் நகருக்கு அருகே தம் மாளிகைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டார். ஒரு குச்சிகூட வெளியே போகக் கூடாது என்று கட்டளை. அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஏழை இளைஞன் ஒருவன், தான் மணக்க விரும்பிய பெண்ணுக்கு ஒரு கொத்துப் பூவை ஒடித்துக் கொடுத்துவிட்டானாம். அவள் அந்தக் குச்சியை மண்ணில் ஊன்றினாள், துளிர்த்தது. அதிலிருந்து செடிகளை விற்ற பணத்தில் கல்யாணமே நடந்தது என்று அந்த ஊரார் சொல்வார்கள். கட்டளை மீறிய தோட்டக்காரனை நாங்கள் மெச்சுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் தோட்டக்காரரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இது மட்டும் உண்மை. பூட்டி வைத்த தோட்டத்தில் ஒரே ஒரு செடி இருந்தால், ஒரே ஒரு கோடை போதும்.

நம் ஊரில் பூட்டி வைப்பாரில்லை. கொல்லைதான் இல்லாமல் போகிறது. பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் பின்னால் ஓர் அறை கட்ட வேண்டியிருக்கிறது. கிணற்றுக்கு மூடி போட்டு, மோட்டார் வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அது குறையல்ல, தேவை. எங்களிடம் வரும் தாய்மார்களுடன் வெளி நோயாளிகள் வரிசையில் பேசிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் முன்பு என்ன செடி இருந்தது என்று கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். இருவாட்சி இருந்தது, அடுக்கு மல்லி இருந்தது, ஒற்றை மல்லி இருந்தது. இப்போது? அறை கட்டும்போது எடுத்துவிட்டோம் என்பார்கள். யாருக்காவது பதியன் கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி கேட்போம். கொடுத்திருந்தால் அந்த இருவாட்சி எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறது, போய்க் கேட்டு வாங்கலாம். கொடுக்காமல் போயிருந்தால், விலை கொடுத்து வேறு இருவாட்சி வாங்கலாம், பாட்டியின் செடி வராது.

பதியன் போடுவது பெரிய வித்தை இல்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை, மண்ணில் ஈரம் இருக்கும் மாதங்களில், ஒரு வயதான, வளைந்து கொடுக்கும் கொடியாகப் பாருங்கள். முற்றிய கட்டை வேண்டாம், தளதளவென்ற இளங்கொடியும் வேண்டாம். கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தியால் லேசாகச் சாய்த்துக் கீறி, கீறிய பக்கத்தை மண்ணுக்குள் அரை சாண் ஆழம் அழுத்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே வெயிலைப் பார்த்து நிற்கட்டும். தரையில் இடமில்லாவிட்டால் உடைந்த பானையில் மண் நிரப்பிச் செடியருகே வைத்து அதில் பதியுங்கள். மூன்று மாதம் முதல் நான்கு மாதத்தில் வேர் வரும். வேர் வந்ததா என்று வாரத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்கக் கூடாது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தடுப்பதுதான் கடினம். பிறகு தாய்ச்செடியின் பக்கத்தில் வெட்டி எடுத்தால் தனிச் செடி. எடுத்த உடனே தூரம் கொண்டு போகாமல் ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து கொடுங்கள்.

கனகாம்பரத்தில் இரண்டு விதம். நாட்டுக் கனகாம்பரம் நம் தென்னிந்திய மண்ணுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. அதன் முற்றிய காயில் ஈரம் பட்டால் 'பட்'டென்று வெடித்து விதையை வீசும். குழந்தைகள் அந்தக் காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு விளையாடுவார்கள், அடுத்த மழைக்குக் கொல்லை முழுதும் நாற்று. டெல்லிக் கனகாம்பரம் அப்படியல்ல. பெரிய இதழ், கண்ணைப் பறிக்கும் நிறம், ஆனால் குரோமோசோம்கள் மூன்று மடங்காக அமைந்த செடியாதலால் விதையே பிடிக்காது. மல்லிகையைப் போல அதுவும் குச்சி வழியாகத்தான் வீடு வீடாகப் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே செடி என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம். டெல்லிக் கனகாம்பரத்தில் வாடல் நோய் புகுந்தால் பாத்தி பாத்தியாகப் போய்விடும். வாழையில் இதை உலகமே பார்த்தது. ஒரு காலத்தில் மேல்நாட்டுச் சந்தை முழுவதையும் பிடித்திருந்த 'குரோ மிஷெல்' வாழை, பனாமா வாடல் நோய் பரவியதால் 1960-க்குள் வியாபாரத்திலிருந்தே ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதுவும் விதையில்லாமல் கன்று வழியாகவே பெருகிய ஒரே வாழை. ஆகவே பதியன் வாங்கும்போது ஒரே ரகத்தைப் பத்து வைப்பதைவிட ஐந்து ரகத்தில் இரண்டிரண்டு வைப்பது நல்லது. நோய்ச் செடியிலிருந்து குச்சி எடுக்காதீர்கள், எவ்வளவு பாசமான செடியானாலும்.

நம் சபைகளில் நத்தார் நாட்களில் ஊதாவும் வெள்ளையுமாகத் தொடுத்துச் சூடும் டிசம்பர் பூவும் குச்சி நட்டால் வரும். ஞாயிறு காலையில் ஆலய மேசைக்கு வரும் மணமுள்ள இளஞ்சிவப்பு எட்வர்டு ரோஜாவுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இந்துமாக்கடலில் ரீயூனியன் என்றொரு தீவு. முன்பு அதற்குப் பூர்போன் என்று பெயர். அங்கே வேலிக்காக வைத்த ரோஜாக்களில், சீன ரோஜாவும் தமாஸ்கு ரோஜாவும் தாமாகவே கலந்து ஒரு புது ரோஜா முளைத்தது. அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசுக்குப் போய், பூர்போன் ரோஜாக்கள் என்ற பெரிய குடும்பத்துக்கே தாயாயிற்று. எட்வர்டு ரோஜா அந்தக் குடும்பம். புதுக் கலப்பின ரோஜாக்கள் பார்வைக்கு அழகு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பல அதற்கு மேல் ஒன்றும் தருவதில்லை. எட்வர்டு ரோஜா இரண்டு பூ இருந்தால் அறைக்கே தெரியும்.

மிஷன் வைத்தியத்துக்கும் செடிகளுக்கும் நம் கடற்கரையில் பழைய உறவு இருக்கிறது. லின்னேயஸ் என்ற பெரிய தாவர அறிஞரிடம் படித்த யொஹான் கேனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியராக வந்து, 1785-ல் மரிக்கும்வரை இந்நாட்டின் செடிகளைச் சேகரித்தார். அவர் வழியில் வந்த ராட்லர் ஐயர், 1776-ல் தரங்கம்பாடியில் இறங்கி, பின்னர் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்து 1836-ல் காலமானார். தமிழ் அகராதி தொகுத்தவர் என்று அவரை அறிவோம். போகும் வழியெல்லாம் செடிகளைப் பறித்துத் தாளில் அழுத்தி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவரும் அவரே. செடிக்கு ஊரார் என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பது அவர்களுக்கு வழக்கமாயிருந்தது. எங்களுக்கும் அந்தக் கேள்வி அவசியம், ஆனால் கொஞ்சம் பயத்தோடு. காரணம், செடியோடு கூட வைத்தியமும் வீட்டுக்கு வீடு கைமாறுகிறது.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செடி. யாரும் நட வேண்டாம், சாக்கடை ஓரத்துப் பிளவிலும் முளைக்கும். சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். நம் கல்லறைத் தோட்டங்களிலும் தண்ணீர் ஊற்றுவாரின்றிப் பூத்துக்கொண்டிருக்கும். அதன் இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. 1952-ல் ஜமைக்கா தீவிலிருந்து ஒரு மருத்துவர், கனடாவிலிருந்த டாக்டர் கிளார்க் நோபிள் என்பவருக்கு இந்தச் செடியின் 25 இலைகளைக் கடித உறையில் வைத்து அனுப்பினார். அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கின! வெள்ளை அணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது மருந்தாகலாமே என்று ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் உழைத்து, 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்துத் தெரிவித்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதற்கு முன் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்றுகூடப் பிழைப்பது அரிதாயிருந்தது. வின்கிறிஸ்டினோடு வேறு பல மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையால், நல்ல வசதியுள்ள இடங்களில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள். நம் காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்த அறிஞர் அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் நினைவாகக் காரப்பேட்டையில் அமைந்த அரசு மருத்துவமனையைத் தாண்டித்தான் உங்களில் சிலர் இன்று வந்திருப்பீர்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வறண்ட நிலத்துக் குடியானவர்கள் இதைப் பயிர்செய்து அனுப்பியதுண்டு. இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு நல்ல செடியா என்று வீட்டுக்குப் போய் இலையை மென்றுவிடாதீர்கள். மருந்து வேறு, இலை வேறு. வெள்ளை அணுவைக் குறைக்கும் சக்தியுள்ள இலை, நோயில்லாதவரிடத்திலும் அதைத்தான் செய்யப் பார்க்கும். நரம்பையும் கெடுக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் நாலு பூவும் இரண்டு இலையும் என்று வருவோரை நாங்கள் கோபிப்பதில்லை. பாட்டி அன்போடு சொன்னதுதான். உட்காரவைத்து, அந்த 25 இலைகளின் கதையைச் சொல்கிறோம். கதை முடிவதற்குள் பெரும்பாலோர் மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

அரளியும் அப்படியே. பூஜைக்கும் வேலிக்கும் ஆகும், வெயிலைத் தாங்கும், சரி. ஆனால் செவ்வரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இதயத்தைப் பாதிக்கும் விஷம் இருக்கிறது. தவழும் பிள்ளையும் ஆடும் உள்ள வீட்டுக்குக் குச்சி கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பிள்ளையாவது வாயில் போட்டுக்கொண்டால் மோர் ஊற்றிக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே உடனே ஓடுங்கள். கையில் அந்தச் செடியின் ஒரு துண்டையும் எடுத்து வாருங்கள், வைத்தியருக்கு அடையாளம் தெரிய உதவும்.

நேரம் முடிந்தது என்று சைகை வருகிறது. சமையலறைக்குப் பின்னால் சலவைத் தண்ணீர் பாயும் இடத்தில் பதியன்கள் வைத்திருக்கிறோம். குண்டுமல்லி, அடுக்கு மல்லி, ஜாதிமல்லி, டிசம்பர் பூவில் இரண்டு நிறம், எட்வர்டு ரோஜாக் குச்சி, எல்லாம் வேர் பிடித்தவை. நாட்டுக் கனகாம்பர விதை சிறு பொட்டலமாகக் கட்டி மேசையில் இருக்கிறது. விலை இல்லை. பாத்திரம் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். பழைய பால்பவுடர் டப்பா போதும், அடியில் ஆணியால் துளையிட்டுக் கொண்டு வாருங்கள். இருவாட்சி எங்களிடம் இல்லை. உங்களில் யார் வீட்டிலாவது பழைய இருவாட்சி நின்றால், அடுத்த மழைக்கு ஒரு கிளையைப் பதித்து வையுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். தாழை வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டிருந்தார்கள். அம்மா, அது முள்ளோடு பத்தடி அகலம் பரவும். புடவைக் கரையில் இருக்கிறதே, அதுவே போதும்.